செருப்பு கழலாத தெரு

கூனிமலைக்குக் கீழே கூனிப்பட்டி, கூனிப்பட்டிக்கு நடுவே பெரிய தெரு, அந்தப் பெரிய தெருவில் கார்த்திகை மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்று விடிந்தபோது காலில் செருப்பு மாட்டியிருந்த ஒருவருக்கும் அது கழலவில்லை. பால் ஊற்றிவிட்டு வந்தவருக்குக் கழலவில்லை, தோட்டத்தில் மோட்டார் போட்டுவிட்டு வந்தவருக்குக் கழலவில்லை, நடை திறக்கப் போன பூசாரி கோயில் வாசலில் நின்று இடதுகாலால் வலதையும் வலதுகாலால் இடதையும் மாற்றி மாற்றி மிதித்துப் பார்த்தும் அவருடைய நீல நிற பாத்ரூம் செருப்பு கூடப் பிறந்த மாதிரி காலை விடாமல் நின்றது. வாரை அறுத்துவிடலாம் என்று ஒருவர் பிளேடை வைத்தார். வாரிலிருந்து ரத்தம் வந்தது. ரப்பரிலிருந்து வந்த அந்த ரத்தம் சாதாரண ரத்தம் போலவே சிவப்பாக இருந்தது, சாதாரண ரத்தத்தை மொய்க்கும் ஈதான் அதையும் மொய்த்தது.

எப்படி நடந்தது என்று கூனிப்பட்டியில் யாரும் கேட்கவில்லை, நாமும் கேட்க வேண்டாம். அவர்கள் கேட்டது வேறு கேள்வி: இது நமக்குக் கௌரவமா, கௌரவக் குறைச்சலா? அதைத் தீர்க்க ஊர்ப் பொதுவிடமான மந்தையில் கூடினார்கள், கூடி உட்கார்ந்து ஒருவர் காலை ஒருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார்கள், குதிகால் தேய்ந்த பழுப்பு லெதர் செருப்போடு மாட்டிக்கொண்ட ஊர்த் தலைவர் சௌந்தரராசு எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுத் தொண்டையைச் செருமினார்.

"அறுத்தா ரத்தம் வருதுல்ல? கிள்ளுனா வலிக்குதுல்ல? அப்பறம் அதென்னய்யா செருப்பு? அது தோலு. தோலக் கழட்டி வாசல்ல வச்சுட்டா கோயிலுக்குள்ள போறோம்?"

அவ்வளவுதான். அன்றிலிருந்து பெரிய தெருவில் செருப்பு என்ற பேச்சே கிடையாது. பூசாரி நீலத் தோலோடு கருவறைக்குள் போனார், நீலத் தோலோடு சாமிக்குப் பால் ஊற்றினார், ஊற்றிய பால் அவர் காலடியில் வழிந்து செருப்புக்கும் பாதத்துக்கும் இடையில் புகுந்து அங்கேயே தயிரானது. தை மாதத்துக் கல்யாணத்தில் பெண்ணுக்கு மெட்டி போட வேண்டிய மாப்பிள்ளை, அவளுடைய கேன்வாஸ் ஷூவின் முனையில் விரல் எங்கே இருக்கும் என்று அழுத்தி அழுத்தித் தேடி, கடைசியில் கயிறு கோக்கும் ஓட்டையில் மெட்டியை மாட்டினான். பெரியவர்கள் அட்சதை போட்டார்கள். அந்தச் செவ்வாய்க்கிழமை வெறுங்காலோடு இருந்து தப்பித்தவர்கள் இருந்தார்கள், அவர்கள் சந்தோஷப்பட்டார்களா என்றால் அதுதான் இல்லை, ஊரெல்லாம் தோலோடு நடக்கும்போது நாம் மட்டும் தோலில்லாமல் நடப்பதா என்று கூசிப்போய், ஆளுக்கொரு ஜோடி வாங்கிவந்து தெருவில் நின்று மாட்டி, ஒட்டிக்கொண்டதைத் தட்டிப் பார்த்து நிம்மதியானார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் கால் மட்டும் கறுப்பு ஷூவுக்குள் வளர்ந்துகொண்டே இருந்தது. ஷூ வளரவில்லை. அவர்கள் அழுதால், தோல் இறுக்கம் நல்ல வம்சத்துக்கு அடையாளம் என்று சொல்லி வாயில் மிட்டாயை வைத்தார்கள்.

பிறகு நாற்றம் வந்தது. முதலில் புளித்த மாவு மாதிரி, பிறகு பரணில் செத்த எலி மாதிரி, பிறகு எது மாதிரியும் இல்லாமல் தன் சொந்த நாற்றமாகவே அது நாறியது. பஸ்ஸில் வருகிறவர்கள் கூனிப்பட்டி விலக்கு வந்துவிட்டதைக் கண்ணை மூடிக்கொண்டே சொன்னார்கள். பெரிய தெருவில் ஊதுபத்தி விற்றது, சாம்பிராணி விற்றது, ஆண்களும் மல்லிகைப் பூவை வாங்கிக் கணுக்காலில் சுற்றிக்கொண்டார்கள், அந்தப் பூவும் வாடி அழுகி வாருக்குள் போய் நாற்றத்தோடு சேர்ந்துகொண்டது. இரண்டு மாதத்தில் அவர்கள் மூக்கு பழகிவிட்டது. மனிதனுக்குத் தன் நாற்றம் பழகுவதைப் போல வேறெதுவும் சீக்கிரம் பழகுவதில்லை.

சரி, நாறினால் நாறிவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிடலாம்தான். அன்னமயிலால் விட முடியவில்லை.

அன்னமயில் காலனியில் பிறந்தவள். மதுரையில் பல்கலைக்கழகத்தில் பாறைகளைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தாள். பேச்சுப் போட்டிகளில் அவள் ஜெயித்துக் கொண்டுவந்த கோப்பைகளில்தான் அவள் வீட்டில் தண்ணீர் குடித்தார்கள். அவள் அப்பா வீரணன், கூனிமலைக்கு வரும் வெளியூர்க்காரர்களை உச்சிவரைக்கும் கூட்டிப் போய்க் கூட்டி வருகிறவர், அந்த மலையில் அவர் அறியாத பொந்து கிடையாது. ஆனால் காலனிக்கும் மலைக்கும் நடுவே பெரிய தெரு கிடந்தது. சுற்றிப் போக வழியில்லை, இந்தப் பக்கம் கண்மாய், அந்தப் பக்கம் வேலி போட்ட தோப்பு. காலனிக்காரர்கள் பெரிய தெரு தொடங்கும் இடத்தில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும், தெரு முடியும் இடத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும். அது சட்டமெல்லாம் இல்லை. சட்டமாக இருந்திருந்தால் யாராவது மீறியிருப்பார்கள். வெளியூர்க்காரர் யாரோ கொடுத்துவிட்டுப் போன மலையேறும் ஷூவைக் கயிற்றில் முடிந்து கழுத்தில் தொங்கப் போட்டுக்கொண்டு, முன்னால் ஷூ போட்டு நடக்கும் வெளியூர்க்காரர்களுக்கு வழிகாட்டியபடி வெறுங்காலோடு தெருவைக் கடந்து, தெரு முடிவில் கிடக்கும் புளியங்கட்டையில் உட்கார்ந்து அதை மாட்டிக்கொள்வது வீரணனின் வழக்கம். யாராவது கேட்டால், "காலுக்குக் காத்து நல்லதுங்க" என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பைச் சின்ன வயதிலிருந்து பார்த்து அன்னமயிலுக்குக் குமட்டியிருந்தது.

இப்போது செருப்பைத் தோல் ஆக்கிக்கொண்ட பிறகாவது இந்த வழக்கம் ஒழிந்திருக்கும் என்று நினைப்பீர்கள். ஒழியவில்லை. பெரிய தெருவின் நியாயம் இப்படிப் போனது: எங்களுடையது கழலாது, ஆகவே அது தோல். உங்களுடையது கழலும், ஆகவே அது செருப்பு. செருப்பென்றால் கழற்று.

மாசி மாதம் அவளுடைய பல்கலைக்கழகத்துப் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் கூனிமலை ஏற வருவதாக ஏற்பாடாயிற்று, அழைத்துப் போகிறவள் அன்னமயில். ஷூவோடு தெருவில் நடப்பேன் என்று அவள் சொன்ன சொல் அவளுக்கு முன்னால் ஊருக்குப் போய்ச் சேர்ந்தது. வீரணனுக்கு ஆள் வந்தது. மகளும் கூடப் போனாள்.

மந்தையில் காற்று அவர்கள் பக்கம் அடித்தது. அன்னமயில் துப்பட்டாவால் மூக்கைப் பொத்தலாமா என்று யோசித்து, வேண்டாம், வாய் தேவைப்படும் என்று விட்டுவிட்டாள்.

"டேய் வீரணா," என்றார் சௌந்தரராசு, "ஒன் மக செருப்புப் போட்டு தெருவுல வரப்போறாளாம்ல?"

"சின்னப் பிள்ளைங்கய்யா, வெளாட்டா..."

"வெளாட்டு இல்ல தலைவரே," என்றாள் அன்னமயில். ஐயா என்று சொல்லவில்லை என்பதை எல்லாரும் கவனித்தார்கள். "ஒரு சந்தேகம். கேக்கலாமா?"

"கேளு பிள்ள. படிச்சிருக்கேல்ல."

"கேஸ் சிலிண்டர் போடுற அண்ணன் ஷூ போட்டுத்தான் வர்றாரு. போஸ்ட்மேன் வர்றாரு, டீச்சர் வர்றாங்க, மலையேற வர்றவங்க வர்றாங்க. அவங்களுக்கு ஒட்டல. வீட்டுக்குப் போய்க் கழட்டிப் போட்டுட்டுத் தூங்குறாங்க. ஏன்?"

"அவுங்க வெளியாளுக. விருந்தாளி. ஊர்க்காரனுக்குத்தேன் ஒட்டும்."

"அப்ப நான் போட்டு நடந்தா ரெண்டுல ஒண்ணுதானே நடக்கணும். ஒட்டுச்சுன்னா நான் ஊர்க்காரி, என் கால்ல இருக்கிறது தோலு, தோலக் கழட்டச் சொல்ல முடியாது. ஒட்டலைன்னா நான் விருந்தாளி, விருந்தாளியக் கழட்டச் சொல்ற பழக்கம் உங்களுக்கு இல்ல. எப்படிப் பாத்தாலும் நான் கழட்ட வேண்டியதில்ல. சரியா?"

பூசாரி விரலை மடக்கி ஏதோ எண்ணிப் பார்த்தார். பின்வரிசையில் ஒருவர் பக்கத்து ஆளிடம், "ஒட்டலைன்னா வெளியாளுதானே, அப்ப அவுக ஓட்டெல்லாம் எந்த ஊர்ல போடுவாக?" என்று நிஜமான குழப்பத்தோடு கேட்டார். இந்த ஊர் இத்தனை காலமும் தன்னை எதுவாக வைத்திருந்தது என்பதை அன்னமயில் அந்தக் குழப்பத்தில் பார்த்தாள்: ஊர்க்காரியும் இல்லை, விருந்தாளியும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் கையில் செருப்போடு நிற்கும் ஒன்று. அதற்கு ஒரு பெயர்கூட அவர்களிடம் இல்லை.

சௌந்தரராசு நெடுநேரம் தன் பழுப்புத் தோலைச் சொறிந்தார். நகத்தில் ஏதோ ஈரமாக வந்தது, வேட்டியில் துடைத்தார்.

"நல்லாப் பேசுற," என்றார். "நடந்து பாரு. அதுக்கப்பறம் ஒங்கப்பன் இந்தத் தெரு வழியா மலைக்கு ஆள் கூட்டிட்டுப் போறதையும் நான் பாக்குறேன்."

வீடு வந்து சேர்ந்ததும் வீரணன் கோப்பையில் தண்ணீர் மொண்டு குடித்தார்.

"என் பொழப்பு கெடக்குது ஆத்தா, காடு கரையின்னு எங்கயாச்சும் போய்க்கிருவேன். ஒனக்கு ஒட்டிக்கிருச்சுன்னா? காலம் பூராம் அதோடயே கெடப்பியா? அவிங்க காலப் பாத்தேல்ல?"

"பாத்தேன்ப்பா."

"அப்பறம்?"

"அதனாலதான் நல்ல ஷூவா வாங்கப் போறேன்."

விடுதியில் அவளோடு ஒரே அறையில் இருக்கும் ஹெப்சிபாவைக் கூட்டிக்கொண்டு மதுரையில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த சிக்கந்தர் அண்ணனின் கடைக்குப் போனாள். காலையில் போகலாம் என்றாள் ஹெப்சிபா. காலையில் கால் சிறுத்திருக்கும், நாள் பூரா நடந்து வீங்கின காலுக்குத்தான் அளவு பார்க்க வேண்டும், மலையில் ஏறும்போதும் கால் வீங்கத்தானே செய்யும் என்று வாதாடி, பகலெல்லாம் வெயிலில் சுற்றிவிட்டு, மலைக்குப் போடும் அதே தடித்த காலுறையோடு சாயங்காலம் போனாள். சிக்கந்தர் அண்ணன் பார்த்தவுடன் ரோஸ் நிறத்தில் ஒன்றை எடுத்து வைத்தார்.

"லேடீஸுக்கு இதுதாம்மா ஓடுது. பஞ்சு மாதிரி இருக்கும்."

அன்னமயில் அதை எடுத்து ஈரத்துணியைப் பிழிவதுபோல முறுக்கினாள். அது முறுக்கிக்கொண்டு கிடந்தது.

"பாறை இடுக்குல கால வச்சா இது இப்பிடித்தான் திரும்பும் அண்ணே, கூடவே என் காலும் திரும்பும். நடுவுல முறுக்காம, விரல் பக்கம் மட்டும் மடங்குற மாதிரி குடுங்க."

"அப்ப பூட்ஸ் போட்டுருங்க. கணுக்கால் வரைக்கும் பிடிக்கும். மிலிட்டரிக்காரங்க வாங்குறது."

"இதுதான்டி நல்லாருக்கு, கால் பிசகாது," என்றாள் ஹெப்சிபா.

"மூட்டையத் தூக்கிட்டு நாள் கணக்கா மண் பாதையில நடக்கிறவங்களுக்கு நல்லது. நான் நாலு காலுல பாறையில தொத்தணும். கணுக்கால் மடங்கலைன்னா எப்படித் தொத்துவேன்? இதோட கனத்துக்கு நான் உச்சிக்குப் போறதுக்குள்ள தொடை செத்துரும்."

சிக்கந்தர் அண்ணன் சளைக்கவில்லை. தாழ்ந்த கழுத்து உள்ள ஒன்றைக் காட்டினார், ஆற்றில் விட்டாலும் ஒரு சொட்டு உள்ளே போகாது என்று சத்தியம் பண்ணினார்.

"உள்ள போகாதுன்னா வெளியவும் வராதுல்ல அண்ணே? வேர்வை எங்க போகும்?" கேட்கும்போதே பெரிய தெருக் கால்கள் அவள் கண்முன் வந்தன. "எனக்குக் காத்துப் போகணும். நனைஞ்சாலும் பரவாயில்ல, நடக்க நடக்கக் காயணும்."

"எத்தன வருஷம் ஒழைக்கணும்?"

"ஆயுசுக்கும்."

"ஆயுசுக்கும் ஒழைக்கிற ஷூவ வித்தா நான் எப்படிம்மா பொழைக்கிறது?" என்று சிரித்தவர், அவள் சிரிக்காததைப் பார்த்து உள்ளே போய், யாரும் வாங்காமல் கிடந்த, சாம்பல் நிறத்து, ஆம்பிளைப் பிள்ளைகள் அளவுப் பெட்டி ஒன்றைத் தூசி தட்டிக் கொண்டுவந்தார். முனையைச் சுற்றிக் கனத்த ரப்பர் ஏறியிருந்தது. மேலே வலை. அன்னமயில் கயிற்றைத் தளர்த்திக் காலை முன்னால் தள்ளினாள், குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரல் நுழைந்தது. கயிற்றை இறுக்கிக் கட்டினாள், குதிகால் எழும்பவில்லை. கடைப்படியின் விளிம்பில் பெருவிரல் முனையை மட்டும் வைத்து ஏறி நின்றாள், முனை மடங்கவில்லை. பாட்டிலிலிருந்து கருங்கல் படியில் தண்ணீரை ஊற்றினாள், சிக்கந்தர் அண்ணன் "ஏம்மா, ஏம்மா" என்றார், ஈரத்தின்மேல் நின்று இப்படியும் அப்படியும் அழுத்தினாள், வழுக்கவில்லை. முன்காலைச் சுவரில் உதைத்தாள், விரல் இடிக்கவில்லை.

"கல்யாணத்துக்கு மாப்பிள்ளைகூட இவ்வளவு பாக்க மாட்டேடி நீ," என்றாள் ஹெப்சிபா.

"மாப்பிள்ளையக் கழட்டி விட்டுறலாம்ல."

ஹெப்சிபா சிரித்துவிட்டு, பிறகு சிரிப்பதை நிறுத்திவிட்டு, குனிந்து அந்த ஷூவின் கயிற்றைத் தானே ஒருமுறை இழுத்துப் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. பெரிய தெருவின் இரண்டு பக்கத்திலும் ஊர் வாசற்படிகளில் வந்து உட்கார்ந்திருந்தது, கால்களை முன்னால் நீட்டிக்கொண்டு. வேண்டுமென்றே நீட்டியிருந்தார்கள். வாருக்கு மேலே பிதுங்கி ஊறிய சதை, வாருக்கு அடியில் பச்சை படர்ந்த சதை, மஞ்சள் சீழ் கட்டிய கட்டைவிரல், அழுகின மல்லிகை, நீலம், பழுப்பு, கறுப்பு, அதன்மேல் நகரும் ஈ, அந்த ஈயை விரட்டாத கை. கௌரவம் என்றால் என்ன என்று இனி யாராவது கேட்டால் இந்தத் தெருவைக் காட்ட வேண்டும் என்று நினைத்தாள் அன்னமயில், வாயில் ஊறிய எச்சிலைத் துப்ப இடம் தேடி, துப்பினால் அதையும் தோல் என்பார்கள் என்று விழுங்கினாள். பின்னால் அவளுடைய பல்கலைக்கழகத்துப் பெண்கள் ஷூக்காலோடு வந்தார்கள், எல்லாருக்கும் கடைசியில் வீரணன், கழுத்தில் ஷூ தொங்க, வெறுங்காலோடு.

அவள் வலதுகாலைத் தெருவில் வைத்தாள். இடதுகாலை வைத்தாள். நடந்தாள். வேகமாகவும் இல்லை, மெதுவாகவும் இல்லை, பாறைமேல் நடக்கிற மாதிரி ஒவ்வோர் அடியையும் முழுசாக ஊன்றி நடந்தாள். சௌந்தரராசுவின் வீட்டு வாசலில் அவர் மனைவி வசந்தகோகிலம் நின்றிருந்தாள், அந்தச் செவ்வாய்க்கிழமை அவசரத்துக்குப் புருஷனின் பழைய பாத்ரூம் செருப்பை மாட்டிக்கொண்டு குப்பை கொட்ட வந்து, அதோடேயே மாட்டிக்கொண்டவள், நடந்தால் பின்னால் அரை சாண் தரையில் அடிக்கும். அன்னமயில் தாண்டியதும் சாணி கரைத்த வாளியைத் தூக்கி அவள் நடந்த தடத்தில் வீசினாள். பாதி தடத்தில் விழுந்தது. பாதி அன்னமயிலின் கெண்டைக்காலில் விழுந்தது.

"தெருவக் கழுவுறேன்டி. ஒன்னயச் சொல்லல," என்றாள் வசந்தகோகிலம்.

அன்னமயில் திரும்பிப் பார்க்கவில்லை. கால்சட்டை ஓரம் வழிந்த சாணித் தண்ணீர் காலுறைக்குள் இறங்கியது, புது ஷூவுக்குள் போனது. ஒட்டினால் இதோடுதான் ஒட்டும் என்று நினைத்தாள். அந்த நினைப்பில் ஒரு கணம் கால் தடுமாறியது, யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று இன்னும் அழுத்தி ஊன்றினாள்.

தெரு முடிந்தது. வீரணன் புளியங்கட்டையில் உட்கார்ந்து, கழுத்திலிருந்ததை இறக்கிக் காலில் மாட்டி, மகளின் காலைப் பார்த்தார். கேட்கவில்லை. அவளும் தொட்டுப் பார்க்கவில்லை.

மலை எப்போதும் போல இருந்தது, மலைக்கு இந்த ஊரோடு பேச்சுவார்த்தை இல்லை. சரளைச் சரிவில் பெண்கள் வழுக்கி வழுக்கிச் சிரித்தார்கள், குதிகாலைக் குத்தி நடங்கள் என்று கத்தினாள் அன்னமயில். ரோஸ் ஷூ போட்டு வந்த ஒருத்திக்கு அடிப்பகுதி வாய் பிளந்தது, வீரணன் கயிற்றால் கட்டிவிட்டார். கூனியின் முதுகு என்கிற மொட்டைப்பாறை வந்ததும் நடை முடிந்து தொத்தல் தொடங்கியது: கை பிடிக்க ஒரு வெடிப்பு, கால் வைக்க விரல் அகலத்தில் ஒரு விளிம்பு, அதில் முனையை வைத்து நம்பி எழுந்து நிற்க வேண்டும், நம்பாதவர்களுக்குத்தான் வழுக்கும். அவள் வைத்தாள், எழுந்தாள், ரப்பர் பாறையைப் பிடித்தது, பாறை ரப்பரைப் பிடித்தது, அவள் வாழ்நாளில் இதைவிட நேர்மையான பேச்சுவார்த்தையைக் கேட்டதில்லை. பிடிக்கிற இடத்தில் பிடித்தது. விட வேண்டிய இடத்தில் விட்டது.

உச்சியில் காற்று சுத்தமாக இருந்தது. பெண்கள் படம் எடுத்துக்கொள்ள ஓடினார்கள். ஹெப்சிபா மட்டும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். வீரணன் சற்றுத் தள்ளி, வேறெங்கோ பார்ப்பதுபோல நின்றுகொண்டு, இங்கேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்னமயில் கயிற்றை அவிழ்த்தாள். குதிகாலைப் பிடித்து இழுத்தாள்.

கழன்று வந்தது. எந்தக் கடையில் வாங்கிய எந்த ஷூவும் கழலுவதைப் போல, லேசான ஒரு சத்தத்தோடு. மற்றதும் வந்தது. காலுறையைக் கழற்றினாள். வெளிறிய, கொஞ்சம் சுருங்கிய, சாணி நாற்றம் அடிக்கிற, அவளுடைய சொந்தக் கால்கள்.

"தேங்க் காட்," என்றாள் ஹெப்சிபா. "ஜெயிச்சிட்டே."

ஜெயித்தாள்தான். ஆனால் அந்தக் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவளுக்குள் ஏதோ ஒன்று கீழே இறங்கியது, என்னவென்று தேடிப் பிடித்துப் பார்த்தால் அது ஏமாற்றம். ஒட்டவில்லையே என்ற ஏமாற்றம். அப்படியானால் நான் இந்த ஊர் இல்லையா? அந்த நாற்றம் பிடித்த தெரு தன்னையும் ஒரு பிடி பிடித்திருக்க வேண்டும் என்று அவளுக்குள் ஒரு மூலை இத்தனை நாளும் ஆசைப்பட்டுக் காத்திருந்திருக்கிறது. அதைக் கண்டதும் அவளுக்கு வந்த அருவருப்புக்கு முன்னால் காலையில் பார்த்த கால்களெல்லாம் ஒன்றுமே இல்லை. தன் வாயைத் தானே கழுவ வேண்டும்போல இருந்தது. பாட்டில் தண்ணீரைக் காலில் ஊற்றிக் கழுவினாள்.

"என்னடி?"

"ஒண்ணுமில்ல. காயட்டும்."

காய்ந்தது. மறுபடி மாட்டினாள், கயிற்றை ஏறும்போது கட்டியதைவிட இறுக்கமாகக் கட்டினாள். இறங்கும்போது கால் முன்னால் சரியும், தளர்வாக இருந்தால் விரல் நகம் போய்விடும். எல்லாருக்கும் அதைச் சொன்னாள். வீரணனும் குனிந்து தன்னுடையதை இறுக்கிக்கொண்டார்.

இறங்கி வந்து தெரு முடிவுக்கு வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. வீரணன் புளியங்கட்டை அருகில் நின்றார். அதைப் பார்த்தார். எத்தனையோ வருஷம் உட்கார்ந்து உட்கார்ந்து அவர் உட்காரும் அளவுக்கு அது குழிந்திருந்தது. உட்காரவில்லை. அதைச் சுற்றிக்கொண்டு போய், ஷூக்காலோடு, பெரிய தெருவில் அடியெடுத்து வைத்து மகளுக்கு முன்னால் நடந்தார்.

அவரை முதலில் யாரும் பார்க்கவில்லை. தெருவுக்கு வேறு வேலை இருந்தது. காலையில் அன்னமயில் ஒவ்வொரு வாசலையும் தாண்டத் தாண்ட, அவள் முதுகுக்குப் பின்னால் ஒவ்வொரு ஜோடியாக இளகியிருக்கிறது. அவர்கள் எழுந்து உள்ளே போகப் பார்த்தபோது செருப்புகள் வாசற்படியிலேயே நின்றுவிட்டன. கார்த்திகையிலிருந்து வெளிச்சம் படாத பாதங்கள் வெளியே வந்தன, ஊறின ரொட்டி மாதிரி, தோலுரித்த தவளை மாதிரி, தெரு முழுக்க. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மட்டும் கறுப்பு ஷூக்களைக் கண்மாய்க்குள் எறிந்துவிட்டு மண்ணில் ஓடிக்கொண்டிருந்தார்கள், பெரியவர்கள் அவர்களைத் துரத்திக்கொண்டிருந்தார்கள். மற்றவர்களெல்லாம் உட்கார்ந்து கட்டிக்கொண்டிருந்தார்கள். ஆமாம், கட்டிக்கொண்டிருந்தார்கள். சணல் கயிற்றால், கொச்சக் கயிற்றால், சைக்கிள் டியூப்பால், கரண்ட் வயரால், கழன்ற செருப்பைப் பாதத்தோடு வைத்து, பல்லைக் கடித்து, சீழ் தெறிக்கத் தெறிக்க இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார்கள். பூசாரி பசை டப்பாவைத் திறந்து வைத்திருந்தார். தோல் போய்விட்டால் கோயில் வாசலில் வெறுங்காலோடு நிற்க வேண்டும், தெருவில் நடக்கிறவளை என்ன சொல்லி நிறுத்துவது என்று புதிதாக யோசிக்க வேண்டும், அதைவிட இது மேல். ஊர்க்காரிக்கு ஒட்டுமா விருந்தாளிக்கு ஒட்டாதா என்ற கேள்வியும் அந்தக் கயிறுகளுக்கு அடியில் எங்கோ போய்விட்டது, இனி எந்தக் காலைப் பார்த்தும் யாரும் எதையும் சொல்ல முடியாது.

சௌந்தரராசு பழுப்பு லெதரைத் தாம்புக் கயிற்றால் சுற்றிக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்கினார். வீரணனின் காலைப் பார்த்தார். வாயைத் திறந்தார். முடிச்சுப் போட இரண்டு கையும் வேண்டியிருந்தது, கயிற்றின் ஒரு முனை பல்லில் இருந்தது. வாயை மூடிக்கொண்டு கட்டினார்.

தெருக்குழாயடியில் வசந்தகோகிலம் மட்டும் தனியாக உட்கார்ந்திருந்தாள். புருஷனின் பாத்ரூம் செருப்பு சாக்கடையில் குப்புற மிதந்தது. குழாயைத் திறந்துவிட்டு, வெள்ளை வெளேரென்று ஊறிப்போன பாதத்தைக் கல்லில் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள், கழுவக் கழுவத் தண்ணீர் கறுப்பாகப் போனது. அன்னமயிலைப் பார்த்ததும் கழுவுவதை நிறுத்தினாள். மன்னிப்பு மாதிரி எதுவும் அந்த முகத்தில் இல்லை.

"ஏ பிள்ள," என்றாள். "இது என்ன ரகம்? எங்க விக்கிது?"

கெண்டைக்காலில் காலையில் பட்ட சாணி இன்னும் காய்ந்து இழுத்துக்கொண்டிருந்தது. அன்னமயில் நிற்கவில்லை.

"மதுரையில. பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்த்தாப்புல. சாயங்காலமாப் போங்க, காலையில அளவு பாத்து வாங்குனா எறங்கும்போது விரலக் கடிக்கும்."

இரண்டடி போய்த் திரும்பினாள்.

"அதுக்கு முன்னால கால நல்லாக் காய விடுங்க. நாறுது."